மூணு சிலிண்டரும் ஒரு முள்ளும்

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1992 மாடல். வாங்கும்போது வெள்ளை. இப்போது என்ன நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான்கு கியர், கார்புரேட்டர், ஏ.சி. கிடையாது. மீட்டர் போர்டில் மூன்றே சமாச்சாரம்தான்: எவ்வளவு வேகம், எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு சூடு. இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் மாதிரியான ஆடம்பரமெல்லாம் அதில் இல்லை.

போன மாதம் அந்த ஆடம்பரத்தை அடியேன் மாட்டினேன். மொத்தச் செலவு 1200 ரூபாய் மீட்டருக்கு, 90 ரூபாய் ஒயருக்கு, 40 ரூபாய் நகப்பூச்சுக்கு. (நகப்பூச்சு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.)

பந்தயத்துக்கா என்று கேட்டான் கூடப் படிக்கிற ஒருவன். எங்கள் வண்டி பந்தயத்துக்குப் போனால் பார்வையாளர்கள் எழுந்து தள்ளத்தான் வருவார்கள். காரணம் வேறு. அதைச் சொல்ல கொஞ்சம் கொசுவர்த்திச் சுருளைச் சுற்ற வேண்டும்.

அப்பா கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ரிங் பிரேம் ஹாலுக்குள் போயிருக்கிறீர்களா? நான் சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அன்றைக்கு மிஷின்கள் எல்லாம் நின்றுபோய், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சாதுவாக இருந்தன. காட்டுவதற்காக ஒரே ஒரு மிஷினை ஓட்டினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு அழுதேனாம். அந்த மாதிரி வரிசையாக ஓடுகிற ஹாலில் ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்கள். எல்லாம் கைஜாடை, உதட்டசைவு. அப்பா இன்றைக்கும் நாம் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். அது மரியாதை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரிடம் கூட்டிப்போகவே இரண்டு வருடம் ஆனது. ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்கிறார்கள். முடிவில் ஒரு கிராப் தருகிறார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அப்பாவுடைய கிராப் 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓரளவு சுமாராகப் போய், அதற்கப்புறம் மருதமலைப் படிக்கட்டு மாதிரி இறங்கி, 4000-ல் பாதாளத்தில் கிடந்தது. சத்தத்தால் கெட்டுப்போகும் காது அப்படித்தானாம், முதலில் 4000 பக்கம்தான் அடி விழும். உள்காதில் இருக்கிற மயிரிழை போன்ற செல்கள் செத்துவிட்டால் திரும்ப முளைப்பதில்லை.

தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில் நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது. ஈய விஷம், சிலிகோசிஸ் இவற்றோடு சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் அதில் இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் தாண்டக் கூடாது என்று விதியும் இருந்தது. தேடிப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். 'காதுக்குப் பஞ்சு வெச்சுக்குவோம் சாமி. பஞ்சுக்கா மில்லுல பஞ்சம்?' என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காதுக் கருவி போடச் சொன்னார்கள். ஒரு வாரம் சோதனைக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிட்டார். தட்டு, டம்ளர் சத்தமெல்லாம் மண்டைக்குள் இடிக்கிறது என்பது வெளியே சொன்ன காரணம். டீக்கடையில் யாரோ, 'என்னுங், செவுட்டு மிசினுங்களா?' என்று கேட்டது அம்மா சொன்ன காரணம்.

ஆனால் கார் மட்டும் ஓட்டுவார். நன்றாகவே ஓட்டுவார். 'இஞ்சின் சத்தத்தக் கேட்டு கியர் மாத்தோணும் அம்மிணி, ஸ்பீடாமீட்டரப் பாத்து மாத்தறவன் டிரைவரே கெடையாது' என்பது எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது அவர் செய்த உபதேசம். பேசினால் கேட்காத மனுசனுக்கு இஞ்சின் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வினை ஒரு ரப்பரில் வந்தது.

மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். 796 சி.சி. மூன்று சிலிண்டர் இஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு ஆட்டம் உண்டு. நின்றுகொண்டே ஓடும்போது, அதாவது ஐடிலில், கியர் கம்பி, ஸ்டியரிங், சீட்டு எல்லாம் மெதுவாக நடுங்கும். இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டால் இந்த நடுக்கம் பூகம்பமாகிவிடும். எங்கள் வண்டியில் ரொம்ப வருடமாகவே பூகம்பம்தான். போன வருடக் கடைசியில் மெக்கானிக் அண்ணன் மூன்று மவுண்டிங்கையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். வண்டி பட்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மா பின்சீட்டில் தூங்கவே ஆரம்பித்தார்.

அந்த வாரத்திலிருந்து அப்பாவுக்கு ஓட்டத் தெரியாமல் போய்விட்டது.

ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சினுக்கு மறுபடியும் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தார். கர்ர்ர்ரென்று பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தம் கேட்டு தெருவே திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர. ஸ்டார்ட்டர் பல்லும் பிளைவீல் பல்லும் மோதுகிற சத்தம் அது. நாலு தடவை இப்படிச் செய்தால் பல் மழுங்கி, அப்புறம் இஞ்சினை இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும். சிக்னலில் இஞ்சின் நின்றுபோனது தெரியாமல் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தார். பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும்தான். கோயமுத்தூர் வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரிகிறது? சமதளத்தில் இரண்டாவது கியரிலேயே வண்டி கதறிக்கொண்டு போகும். ஒண்டிப்புதூர் மேம்பாலம் ஏறும்போது டாப் கியரில் 30-ல் முக்கும். முக்கும்போது டிக்டிக்டிக் என்று இஞ்சினுக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பெட்ரோல் தன் நேரத்துக்கு எரியாமல் படீரென்று வெடிப்பதால் வருவது. தொடர்ந்து நடந்தால் பிஸ்டனுக்குக் கேடு. எனக்குப் பல் கூசும். அவர் ஹாயாக ஓட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு விஷயம் புரிய நாலைந்து நாள் ஆனது. அப்பா இஞ்சினைக் காதால் கேட்கவே இல்லை. எத்தனையோ வருடமாகக் கையால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கியர் கம்பியின் நடுக்கத்தில் ஒரு கணக்கு, ஸ்டியரிங்கில் ஒரு கணக்கு. நாங்கள் போய் அந்த நடுக்கத்தை 2000 ரூபாய் செலவழித்து நிறுத்திவிட்டோம்.

கணக்குப் போட்டும் பார்த்தேன் (படிக்கிற ட்ரிபிள்-ஈ எதற்கு இருக்கிறது?). நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடி. 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 75 வெடி. 75 ஹெர்ட்ஸ் அடிக்குரல், பூம் என்று. அது அப்பாவுக்குக் கொஞ்சம் கேட்கலாம். ஆனால் 'கதறுகிறது', 'முக்குகிறது' என்று நமக்குத் தெரிவது அதற்கு மேலே இருக்கிற கீச்சுக்குரல்களில். அவையெல்லாம் அந்தக் கிராப் படிக்கட்டில் கீழே விழுந்துவிட்டன என்பது என் ஊகம். நாக்கிங்கோ சில ஆயிரம் ஹெர்ட்ஸ். அவருக்கு அது சுத்தமாக இல்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா ஆரம்பித்தார். அண்ணன் போனில் அதையே சொன்னான். 'அவருக்கு ஏன் இனிமே கார்? ஆட்டோ புடிச்சா ஆகாதா?' அப்பாவுக்கு இது கேட்கவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். அவர் எதிரே உட்கார்ந்து அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரியே மீட்டரை ஆர்டர் செய்தேன்.

வந்தது இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வட்ட மீட்டர். 0 முதல் 8000 வரை எண்கள். பின்னால் நான்கு ஒயர்: சிவப்பு கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை உள்ளே இருக்கும் விளக்குக்கு, பச்சை சிக்னலுக்கு. இந்தப் பச்சைதான் கதாநாயகன். பழைய மாருதியில் கம்ப்யூட்டர் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சி.பி. பாயிண்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் இக்னிஷன் காயிலில் ஓடுகிற கரண்ட் சட்டென்று அறுந்து, ஒரு ஸ்பார்க் பிறக்கும். காயிலின் மைனஸ் முனையில் பச்சை ஒயரைக் கொடுத்தால் மீட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று முள்ளை நகர்த்தும். அவ்வளவுதான் தத்துவம். வண்டி ஓடும்போது அந்த முனையில் கை வைத்துவிடாதீர்கள். 12 வோல்ட்தானே என்று நினைப்போம், அறுகிற கணத்தில் சில நூறு வோல்ட் எகிறும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். அப்பா திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு, அதற்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன, எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கஷ்டமான வேலை ஒயரை இஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவருவதுதான். நடுவில் இருக்கிற தகரத்தில் புதிதாகத் துளை போட எனக்குத் தைரியம் இல்லை. ஏற்கெனவே ஒயர் கற்றை போகிற ரப்பர் வளையத்தின் ஓரமாக ஒரு பழைய சைக்கிள் பிரேக் ஒயரை நுழைத்து, அதன் நுனியில் பச்சை ஒயரைக் கட்டி இழுத்தேன். ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரிதான், என்ன, டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கோர்க்க வேண்டும். முக்கால் மணி நேரம். கரண்டுக்கு முதலில் பிடித்த ஒயர் சாவி போடாமலேயே உயிரோடு இருந்தது. அதை விட்டுவிட்டு வைப்பர் பியூஸிலிருந்து எடுத்தேன், நடுவில் ஒரு சின்ன பியூஸும் போட்டு. பழைய வண்டியின் ஒயர்களை நம்பக் கூடாது. முப்பது வருடச் சூட்டில் மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

சாவியைத் திருகினேன். இஞ்சின் ஓடியது. முள் படுத்தே கிடந்தது.

பேப்பருக்குப் பின்னால் ஒரு செருமல்.

காயிலில் பிளஸ் எது மைனஸ் எது என்ற குறி முப்பது வருட அழுக்கில் மறைந்துபோயிருந்தது. நான் பிளஸ்ஸில் கொடுத்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வருகிற ஒயர் எதில் முடிகிறது என்று பார்த்திருந்தால் அதுதான் மைனஸ் என்று தெரிந்திருக்கும். மாற்றிக் கொடுத்தேன். முள் துள்ளி எழுந்து, 450-க்குப் பக்கத்தில் நின்று லேசாக ஆடியது.

அப்பா எழுந்து வந்துவிட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

'இது என்ன சாமி?'

'இஞ்சின் எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு காட்டுமுங்ப்பா.'

'நானூத்தம்பதா?' முகத்தில் ஒரு நக்கல். 'நானூத்தம்பதுல இந்த வண்டி நின்னு போயிருமே. ஒம்பது நூறாவது இருக்கோணும். மீட்டரு பொய் சொல்லுது.'

மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வைத்திருந்தேன். மீட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது: 4, 6, 8. வண்டிக்கு எத்தனை சிலிண்டர் என்று அதில் சொல்ல வேண்டும். அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் 4-ல் வைத்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போகலாம். மூன்று சிலிண்டர் என்று ஒரு இனம் உலகத்தில் உண்டு என்பதே இதைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்ததிலிருந்து 2014 ஜனவரியில் நிறுத்துகிறவரை முப்பது வருடம் இந்தியாவையே தூக்கிச் சுமந்தது இந்த மூன்று சிலிண்டர்தான், அதற்கு ஒரு பொத்தானுக்குக்கூட வழியில்லை! மூன்றுக்கு இரண்டு மடங்கு ஆறுதானே என்று நான் 6-ல் வைத்திருந்தேன். ஆறு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்பு, எங்களுக்கு ஒன்றரை. எனவே பாதிதான் காட்டும். 4-ல் வைத்தால் சுற்றுக்கு இரண்டு துடிப்பை எதிர்பார்க்கும், முக்கால் பங்கு காட்டும். இரண்டால் பெருக்குவது சுலபம் என்றாலும் 6-ல் முள் முகப்பின் அடிப்பகுதியைத் தாண்டவே தாண்டாது. 4-க்கு மாற்றினேன். 675 என்றது.

'இப்ப 675-ங்கறது. இன்னைக்கு அதுக்கு என்ன தோணுதோ சொல்லும்போல' என்றார் அப்பா.

நான் பேப்பரில் கணக்கை எழுதிக் காட்டினேன். 675-ஐ முக்காலால் வகுத்தால் 900. எட்டாம் வகுப்பு வரை படித்த மனிதர், கணக்கைச் சரியாகவே பின்தொடர்ந்தார். ஆனாலும் தலையாட்டவில்லை. பேப்பரில் வருவது பேப்பரில் வரும் என்பது அவர் கட்சி. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

'ஸ்ட்ரோப் லைட்டு இருந்தாப் பாத்துரலாம்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மில்லில் ஸ்பிண்டில் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், அதற்கு மேலும்கூடச் சுற்றும். அது சரியான வேகத்தில்தான் சுற்றுகிறதா, டேப் தளர்ந்து எந்த ஸ்பிண்டிலாவது பின்தங்குகிறதா என்று பார்க்க, விட்டுவிட்டு மின்னுகிற ஒரு விளக்கை வைத்திருப்பார்கள். மின்னுவதும் சுற்றுவதும் ஒத்துப்போனால் ஓடுகிற ஸ்பிண்டில் நிற்கிற மாதிரி தெரியும். ஒத்துப்போகாத ஸ்பிண்டில் மட்டும் ஊர்ந்துபோகும். நான் லேபில் படித்ததை அப்பா தினப்படி செய்திருக்கிறார்.

ஸ்ட்ரோப் எங்களிடம் இல்லை. ஆனால் நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுற்றுகிற பொருளுக்குத் தெரியும். முதலில் வராண்டா எல்.இ.டி. பல்பில் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை, அது ஒரே சீராக எரிகிற ஜாதி. பரணில் கிடந்த பழைய பட்டியை இறக்கி, தூசி தட்டி, சாயங்காலம் இருட்டும் வரை காத்திருந்தோம். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் இடுக்கு வழியாக கிராங்க் புல்லி, அதாவது இஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிற கீழ்ச்சக்கரம், தெரியும். அதில் ஒயிட்னரால் ஒரே ஒரு கோடு போட்டேன். 'சடையத் தூக்கிக் கட்டு. துப்பட்டாவக் கழட்டி அக்கட்டால வை' என்றார். மில்லில் பெண்களுக்குச் சொல்கிற அதே குரல்.

அவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க, நான் கீழே குத்தவைத்துப் பார்த்தேன். நான் கத்தினால் அவருக்குக் கேட்காது. அதனால் மில் ஜாடைகள் இரண்டைச் சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையை மேல்நோக்கி அசைத்தால் ஏற்று. ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் உரசினால் ஒரு இழை குறை. வண்டி மெதுவாக வேகமெடுத்தது. வெறும் வெள்ளை வட்டமாக இருந்தது கலங்கி, பின்னோக்கி ஊர்ந்து, மெல்ல நின்றது. போட்டது ஒரு கோடு, தெரிந்தது நான்கு, கூட்டல் குறி மாதிரி. விநாடிக்கு 100 மினுக்கலில் நான்கு கோடு என்றால் விநாடிக்கு 25 சுற்று, நிமிடத்துக்கு 1500. நான் கையைத் தூக்கினேன்.

'ஆயரத்தி நூறு... ஒரு இழை மேல!' என்று உள்ளிருந்து குரல்.

1500-ல் முக்கால் 1125.

இன்னும் ஏற்றச் சொன்னேன். மூன்று கோடு. அதாவது 2000. 'ஆயரத்தி ஐநூறு. கரெக்டா கோட்டு மேல!' அப்புறம் எதிரெதிராக இரண்டே இரண்டு கோடு, 3000. 'ரெண்டாயரத்தி... இருநூத்தம்பதுன்னு வெச்சுக்க.' இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நான் மிதித்தேன், அவர் குத்தவைத்துப் பார்த்தார். இரண்டு கோடு நின்றதும் விரலை உரசாமல், கையையும் தூக்காமல், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று நான்தான் அணைத்தேன்.

இப்போது நகப்பூச்சு. ஓட்டும்போது முக்காலால் வகுத்துக்கொண்டிருக்க முடியாது. எண்களை மறந்துவிட்டு, கண்ணாடி மேல் கோடு போட்டோம். அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு நாக்கிங் கேட்கிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். பெரும்பாலும் முள் 1300-க்குக் கீழே இருக்கும்போது மிதித்தால்தான் வந்தது. எனவே 1500-ல் ஒரு பச்சைக் கோடு. அதற்குக் கீழே முள் இருந்தால் மிதிக்காமல் கியரைக் குறைக்க வேண்டும். 2600-ல் இன்னொரு பச்சை, அங்கே கியரை ஏற்றலாம். 3700-ல் சிவப்பு. முள் எழுந்து நின்றால் இஞ்சின் ஓடுகிறது, சாவியைத் தொடாதே. முள் படுத்துவிட்டால் இஞ்சின் நின்றுவிட்டது, சாவியைத் திருகு. இந்தக் கடைசி இரண்டுக்காகவே 1200 ரூபாய் கொடுக்கலாம். இரண்டு பச்சைக்கு நடுவில் முள்ளை வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முப்பத்தோரு வருடம் மிஷினின் முள்ளைப் பார்த்த கண்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹார்னை எந்த மீட்டரும் காட்டாது. அதற்காக உள்கண்ணாடி மேல் அகலமான ஒன்றை மாட்டினோம். ராத்திரியில் ஓட்டுவதில்லை, அவினாசி ரோட்டுப் பக்கம் போவதில்லை என்று அம்மாவோடு ஒரு ஒப்பந்தம். காதுக் கருவிப் பேச்சை எடுத்தால் இப்போதும் பேப்பரை விரித்துக்கொள்கிறார். அண்ணன் இன்னும் ஆட்டோ கட்சிதான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

போன புதன்கிழமை, கூட்டம் இருக்காது என்று, மருதமலைக்குப் போனோம். மலைப்பாதையில் அப்பாதான் ஓட்டினார். இரண்டாவது கியர், முள் பச்சைக்குள்ளேயே. ஒரு வளைவில் முன்னால் போன வேன் திணறி நிற்க, முள் 1200-க்கு இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் கிளட்சை மிதித்து முதல் கியருக்கு வந்துவிட்டார்.

மேலே போய் நிறுத்தினோம். அம்மா பூ வாங்கப் போனார். அப்பா இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

'அம்மிணி, அந்தச் சத்தம் வருதுன்னு சொல்லுவியே. டாப்புல முக்கறப்ப. அது எப்படி இருக்கும்?'

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது மாதிரி என்றேன். உதட்டைப் படித்தார், முகத்தில் ஒன்றும் வரவில்லை. அவர் கையை இழுத்து, முன்கையில் நகத்தால் டிக்டிக்டிக்டிக் என்று வேகமாகத் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் தட்டவிட்டார்.

'ஓ. அதா?' என்றார். 'அது வாங்குன புதுசுல வரும். பொறவு நின்னு போச்சு. நான் டியூனிங்ல சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.'

அம்மா பூவோடு வந்துவிட்டார். இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான், முள் 1500-ல், இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. மீட்டரின் விளக்குக்கான அந்த வெள்ளை ஒயரை இன்னும் இணைக்கவில்லை. இன்சுலேஷன் டேப் சுற்றி டேஷ்போர்டுக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறேன். ராத்திரியில்தான் ஓட்டுவதில்லையே.